மாதேஸ்வரி எழுதிய ப்ரோகிராம்

2009 செப்டம்பர் 7

ஹாஸ்டலுக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. டாடிக்குப் போகிற கடிதமெல்லாம் இங்கிலீஷில்தான். அவர் சிவப்பு மையில் பிழை திருத்தித் திருப்பி அனுப்புவார். இந்த நோட்டு மட்டும் தமிழில் இருக்கட்டும். இதை யாரும் திருத்த வேண்டியதில்லை.

ரூமில் இரண்டே கட்டில். ஒன்று எனக்கு, இன்னொன்று மாதேஸ்வரிக்கு. பென்னாகரம் தாண்டி ஏதோ ஒரு ஊர். பஸ் இறங்கி இன்னும் நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டுமாம். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு. என் மார்க்கைக் கேட்டாள். நூற்று எழுபத்தொன்பது என்றேன். "அதும் நல்ல மார்க்குதாங்க" என்றாள். சிரிப்பு வந்தது. அதற்காகவே 'ங்க' போடாதே, நீ வா போ என்று பேசு என்று சொல்லிவிட்டேன்.

அவளுக்கு அப்பா இல்லை. தாய்மாமன்தான் எல்லாம். படிக்க அனுப்பும்போதே சொல்லிவிட்டாராம்: எல்லாப் பேப்பரும் பாஸானால் நாலு வருஷமும் படிக்கலாம், ஒன்றில் போனாலும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், கல்யாணம். யாரோடு என்று கேட்டேன். "மாமாகூடத்தான்" என்றாள், பஸ் நம்பர் சொல்வதுபோல.

2009 செப்டம்பர் 14

முதல் கம்ப்யூட்டர் லேப். இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். எனக்கும் மாதேஸ்வரிக்கும் இருபத்திரண்டாம் நம்பர். செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே ஏசி, கால் சில்லிட்டுப் போகிறது.

கற்பகவல்லி மேடம் 'சி' நடத்துகிறார். உள்ளே வந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம்: இந்த லேபில் தமிழ் கேட்கக் கூடாது. நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் யாரும் உங்களுக்குத் தமிழில் சொல்லித் தர மாட்டார்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நீலத் திரை. ஐந்து வரி டைப் செய்தால் 'ஹலோ' என்று வர வேண்டும். எனக்கு வரவில்லை. ஐந்தாவது வரியில் தப்பு என்றது. ஐந்தாவது வரியை எட்டுத் தடவை அழித்து எழுதினேன். மாதேஸ்வரி என் காதுக்குள் சொன்னாள்: "அஞ்சாவதுல ஒண்ணுமில்ல. நாலாவது கடைசியில அரைப்புள்ளி போடல நீ. அது அடுத்த வரிக்குப் போனப்புறந்தான் முந்தின வரி முடியலன்னு கண்டுபிடிக்குது. அதனால அங்க நின்னு கத்துது."

முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவள். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வந்து நாலு வருஷம் ஆகிறது.

2009 செப்டம்பர் 18

சமக்குறி ஒன்று போட்டால் ஒரு அர்த்தம், இரண்டு போட்டால் வேறு அர்த்தம். யார் இப்படியெல்லாம் கண்டுபிடித்தது? வயது பதினெட்டா என்று பார்க்க ஒரு சமக்குறி போட்டேன். எந்த வயது கொடுத்தாலும் ஓட்டுப் போடலாம் என்றே வந்தது. மூன்று வயதுக்கும் ஓட்டு.

"ஒண்ணு போட்டா நீ அதுக்குள்ள பதினெட்டைக் கொண்டுபோய் வெக்கிற. ரெண்டு போட்டாத்தான் பதினெட்டான்னு கேக்குற" என்றாள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்துகொண்டேன்.

2009 செப்டம்பர் 28

நேற்று ஆயுதபூஜை. இன்று ஒவ்வொரு மானிட்டரிலும் சந்தனப் பொட்டு. மெஸ்ஸில் சுண்டல், சுமார்.

2009 அக்டோபர் 5

ஒரு சின்ன விஷயம். எழுதி வைக்கிறேன்.

எண்ணை வாங்குவதற்கு 'ஸ்கேன்எஃப்' எழுதும்போது பெயருக்கு முன்னால் & போட வேண்டும். காட்டுவதற்கு 'பிரிண்ட்எஃப்' எழுதும்போது போடக் கூடாது. மறந்தால் ப்ரோகிராம் எங்கேயோ போய் நின்றுவிடுகிறது. மாதேஸ்வரி எழுந்து, "மேடம், வாங்குறப்ப மட்டும் ஏன்..." என்று ஆரம்பித்தாள். மேடம் கையை உயர்த்தி, இங்கிலீஷில் கேள் என்றார். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்காகத்தான் நான் எழுந்து அதே கேள்வியை இங்கிலீஷில் கேட்டேன். "வெரி குட் கொஸ்டின், பெனிட்டா" என்றார் மேடம். கேள்வி அவளுடையது என்று சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் மேடம் போர்டு பக்கம் திரும்பிவிட்டார். நேரம் இல்லை.

2009 அக்டோபர் 9

காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் படிக்கிறோம். துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே உட்கார்ந்து, நான் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன், அவள் எனக்கு 'சி'. ஐந்தரைக்கு அவளே எழுப்பிவிடுகிறாள். எனக்கு அலாரம் கேட்பதில்லை.

& எதற்கு என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். "பாத்து சொல்றதுன்னா என்ன இருக்குதுன்னு தெரிஞ்சா போதும். உள்ள கொண்டுபோய் போடணும்னா அது எங்க இருக்குதுன்னு தெரியணுமில்ல? விலாசம். அவ்ளோதான்." இதை எந்தப் புத்தகத்திலும் இப்படி நேராகப் போடவில்லை.

அவள் இங்கிலீஷ் பேசும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். கண்ணைத் திறந்து பேசு என்றால் வார்த்தை நின்றுவிடுகிறது.

2009 அக்டோபர் 21

தீபாவளி முடிந்து மாதேஸ்வரி வந்துவிட்டாள். எள்ளுருண்டை கொண்டுவந்தாள். "பெனிட்டாவுக்குன்னு எங்கம்மா தனியா கட்டிக் குடுத்துச்சு."

முதல் டெஸ்ட் மார்க் வந்தது. ஐம்பதுக்கு அவள் நாற்பத்தொன்று. நான் முப்பத்துநாலு. ஐந்தை இரண்டால் வகுத்தால் இரண்டரை என்று எழுதியிருந்தேன். 'சி'யில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் அரையைத் தூக்கிப் போட்டுவிடுமாம், வெறும் இரண்டுதானாம். ஒரே கேள்வியில் ஆறு மார்க் போயிற்று.

சாயங்காலம் காயின் பாக்ஸில் டாடி. அண்ணன் ஜெரோமுக்கு அவன் காலேஜில் மெடல் கொடுக்கிறார்களாம். "உனக்கு எவ்வளவு?" என்றார். பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பத்துமூன்று என்று அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். "பரவாயில்லை. நம்ம வீட்டுல யாரும் நாற்பதுக்குக் கீழே வந்ததில்லை" என்றார். நான் திருத்தவில்லை.

2009 நவம்பர் 4

எட்டு ஃபாக்டோரியல் கேட்டால் மைனஸ் இருபத்தைந்தாயிரத்து இருநூற்றுப் பதினாறு என்று வருகிறது. ஒன்றிலிருந்து எட்டு வரை பெருக்கினால் மைனஸ் எப்படி வரும்? எனக்கு ஆத்திரம். மாதேஸ்வரிக்குச் சந்தோஷம். ஏழு வரை சரியாக வருகிறது, எட்டில் தப்புகிறது, ஆகவே எட்டுக்கு முன்னால் எங்கேயோ அதன் கொள்ளளவு முடிகிறது என்று ஒவ்வொரு எண்ணாகக் கொடுத்துப் பார்த்தாள். முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு. அதற்கு மேல் ஒன்று சேர்த்தாலும் மைனஸுக்குப் போய்விடுகிறது. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு இதைக் கண்டுபிடித்தாள்.

என்னால் இப்படிச் சந்தோஷப்பட முடியவில்லை. எனக்குச் சரியான விடை வந்தால் போதும்.

2009 நவம்பர் 16

மார்க் லிஸ்ட் ப்ரோகிராம் கொடுத்திருக்கிறார்கள். ஐம்பது மாணவர்கள், ஐந்து பாடம், மொத்தம், சராசரி, ரேங்க் வரிசை. ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். முப்பதாம் தேதி காலை பத்து மணிக்குள் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். இது சரியாக இருந்தால்தான் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து. கையெழுத்து இல்லாத ரெக்கார்டோடு டிசம்பர் பிராக்டிகல் பரீட்சைக்கு உட்கார முடியாது.

2009 நவம்பர் 24

எனக்கு வரவில்லை. முதல் மாணவனின் மொத்தம் பதினாறாயிரத்துச் சொச்சம் காட்டுகிறது. மொத்தத்துக்கு முதலில் பூஜ்யம் வைக்க வேண்டுமாம். வைக்காவிட்டால் அங்கே ஏற்கெனவே கிடந்த குப்பையோடு சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகும். பூஜ்யம் வைத்தேன். இப்போது கடைசி மாணவனுக்கு மட்டும் மார்க் வருகிறது. 'ஃபார்' வரியின் கடைசியில் அரைப்புள்ளி போட்டிருந்தேன். முதல் நாள் போடாததற்குத் திட்டு, இன்று போட்டதற்கு. அதையும் எடுத்தேன். ரேங்க் வரிசை தலைகீழாக வருகிறது, பெயர் ஒருத்தருக்கும் மார்க் இன்னொருத்தருக்கும் போகிறது.

மாதேஸ்வரியிடம் கேட்டால் சொல்வாள். ஆனால் தினமும் அவளிடமே கேட்பதா?

2009 நவம்பர் 28

மாதேஸ்வரி முடித்துவிட்டாள். மொட்டை மாடியில் காகிதத்தில் காட்டினாள். பட்டியலுக்கு ஐம்பது இடத்துக்குப் பதில் ஐம்பத்தொன்று கேட்டிருக்கிறாள். ஏன் என்றேன். 'சி' பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. ஐம்பது இடம் கேட்டால் பூஜ்யம் முதல் நாற்பத்தொன்பது வரைதான். நாமோ ஒன்று முதல் ஐம்பது என்று எண்ணி, இல்லாத ஐம்பதாவது இடத்தில் கடைசிப் பெண்ணின் மார்க்கைப் போட்டுவிடுகிறோம். அது பக்கத்தில் இருக்கிற எதையோ கெடுக்கிறது.

"ரோல் நம்பர் ஒண்ணுலேர்ந்துதான ஆரம்பிக்குது. அதான் பூஜ்யத்தைச் சும்மா விட்டுட்டன். ஒரு இடம் வீணாப் போவுது, போவட்டும். யாரு மார்க்கும் தொலையாது." சொல்லிவிட்டு, "இதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? மேடம் கேட்டா?" என்றாள். சொல்லிக் கொடுத்தேன். நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். நாலாவது தடவை பாதிக் கண் திறந்திருந்தது.

2009 நவம்பர் 30

கொடுத்தாயிற்று. முதல் ஆளாக நான்தான். ஒன்பது மணிக்கே. எப்படியோ சரியாகிவிட்டது. மெஸ்ஸில் பொங்கல் நன்றாக இருந்தது. துணி துவைத்தேன், தலையணை உறைகூட.

2009 டிசம்பர் 3

மேடம் எங்கள் இரண்டு பேரையும் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு பிரிண்ட் இருந்தது. இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதாம். பெயர் வரியைத் தவிர ஓர் எழுத்து மாறவில்லையாம்.

யார் எழுதியது என்று கேட்டார். நான் என்றாள் மாதேஸ்வரி. நானும் அதையே சொன்னேன்.

மேடம் அவளிடம் காகிதத்தை நீட்டி, வகுப்பில் எல்லோரும் ஐம்பது போட்டிருக்கிறார்கள், இதில் மட்டும் ஏன் ஐம்பத்தொன்று என்று கேட்டார்.

"மேடம், ரோல் நம்பர் ஒண்ணுலேர்ந்து..."

"இங்கிலீஷ்."

அவள் கண்ணை மூடினாள். ரோல் நம்பர் என்றாள், ஒன் என்றாள், ஜீரோ என்றாள். அப்புறம் திரும்பவும் ரோல் நம்பர். சொல்லிக் கொடுத்த வாக்கியம் அவளுக்கு வரவில்லை. ஸ்டாஃப் ரூமில் இன்னும் மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சிரித்தார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. தெரிந்த பதிலைச் சொன்னேன். தடங்கல் இல்லாமல், மூன்று வாக்கியத்தில்.

மாதேஸ்வரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

அவள் ரெக்கார்டில் கையெழுத்து கிடையாது, வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும் என்று மேடம் சொன்னார். காப்பியடித்ததைவிட, தானே எழுதியதாகச் சாதித்ததுதான் பெரிய குற்றம் என்றார்.

2009 டிசம்பர் 4

மாதேஸ்வரி பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

2009 டிசம்பர் 6

பேசினாள். நான் கட்டிலில் உட்கார்ந்து ரெக்கார்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"பெனிட்டா, நீ மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். என்னான்னு நான் கேக்க மாட்டன். கோவிச்சுக்கவும் மாட்டன். உனக்கு வேற ப்ரோகிராம் நான் எழுதித் தரன். நாளைக்கே."

"சொல்றேன்" என்றேன்.

"நெசமாவா?"

"நாளைக்குக் காலைல."

அவள் என் கையிலிருந்து அட்டையை வாங்கி, மூலை மடிப்பைச் சரியாக மடித்துக் கொடுத்தாள்.

2009 டிசம்பர் 7

மேடம் லீவு.

2009 டிசம்பர் 8

மேடம் வந்திருந்தார். ஆனால் அறையில் ஆட்கள் இருந்தார்கள்.

2009 டிசம்பர் 9

மழை.

2009 டிசம்பர் 11

காய்ச்சல் மாதிரி இருந்தது. வகுப்புக்குப் போகவில்லை. மாதேஸ்வரி டம்ளரில் ரசம் வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனாள். ஒன்றும் கேட்கவில்லை.

2009 டிசம்பர் 14

அவள் மாமா வந்தார். முரடராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒல்லியாக, தோளில் துண்டோடு, வெள்ளைச் சட்டையை அன்றைக்குத்தான் பிரித்துப் போட்டதுபோல மடிப்புக் கலையாமல் இருந்தார். ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்.

"தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சுடுங்கம்மா. அப்பன் இல்லாத புள்ள. ஒரு தடவை பாத்துச் செய்யுங்க" என்றார்.

மேடம் அவரிடம் தமிழில்தான் பேசினார். இந்தப் பரீட்சை போனால் போனதுதான், அடுத்த வருஷம் அரியராக எழுதலாம் என்றார். அவர் அரியர் என்றால் என்ன என்று மாதேஸ்வரியைப் பார்த்தார்.

"ஃபெயிலுன்னு அர்த்தம் மாமா" என்றாள்.

இதெல்லாம் வராந்தாவில் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டது. ரூமுக்கு வந்து அவள் பெட்டி கட்டினாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. போகும்போது வாசலில் நின்றாள். இப்போதாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அஞ்சரைக்கு உன்னால எந்திரிக்க முடியாது. கதவைத் தட்டச் சொல்லி வார்டன்கிட்ட சொல்லிட்டுப் போறன்" என்றாள்.

2009 டிசம்பர் 15

ஐந்தரைக்கு வார்டன் கதவைத் தட்டினார்.

2009 டிசம்பர் 18

பிராக்டிகல் பரீட்சை. இரண்டு எண்களை இடம் மாற்றும் ஃபங்ஷன் வந்தது. எண்களை அனுப்பினால் மாறாது, விலாசத்தை அனுப்பினால்தான் மாறும். சரியாக வந்தது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் குட் என்றார்.

2009 டிசம்பர் 25, தூத்துக்குடி

கோயிலுக்குப் போனோம். டாடி எல்லோரிடமும் என்னைக் காட்டி, லேபில் இவளுடைய ப்ரோகிராம்தான் முதல் ப்ரோகிராம், மேடமே போனில் சொன்னார்கள் என்றார். ஜெரோம் அண்ணன் என் தலையில் செல்லமாகக் குட்டினான். மம்மி கேக் வெட்டிக் கொடுத்தார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

2009 டிசம்பர் 27

நவம்பர் முப்பதாம் தேதி என்ன நடந்தது என்று இந்த நோட்டில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அன்று காலை எட்டரைக்கு லேப் திறந்ததும் நான் தனியாகப் போனேன். அவள் குளிக்கும் இடத்தில் வரிசையில் நின்றாள். இருபத்திரண்டாம் நம்பர் கம்ப்யூட்டரில் சனிக்கிழமையே அவள் சேமித்து வைத்திருந்த ப்ரோகிராம் இருந்தது. எப்படி எழுதியிருக்கிறாள் என்று பார்க்க மட்டும்தான் திறந்தேன். ஓட்டிப் பார்த்தேன். ஐம்பது பேரும் வரிசையாக, ரேங்கோடு வந்து நின்றார்கள். முதல் வரியில் இருந்த அவள் பெயரை அழித்து என் பெயரைப் போட்டேன். வேறு பெயரில் சேமித்தேன். பிரிண்டர் இழுத்து இழுத்து அடித்தது. முடிகிற வரைக்கும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்சம் மாற்றலாம் என்று தோன்றியது. எங்கே கை வைத்தால் எது உடையும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அப்படியே கொடுத்தேன்.

ஸ்டாஃப் ரூமில் மேடம் கேட்டபோது, எனக்கு அந்தப் பதில் தெரிந்திருந்தது அவள் சொன்னதால். இங்கிலீஷ் வாக்கியம் மட்டும்தான் என்னுடையது. அதையும் அவளுக்கு என்று கொடுத்திருந்தேன். அவள் கண் முன்னாலேயே திரும்ப எடுத்துக்கொண்டேன்.

2010 ஜனவரி 4

மேடமிடம் சொன்னேன். அறையில் ஆட்கள் இருந்தார்கள். இருந்தாலும் சொன்னேன்.

எனக்கு அறை விழும் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அந்தப் பொண்ணு தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சது இல்லையா? 'ரோல் நம்பர் ஒண்ணுலேர்ந்து'ன்னு?"

"ஆமா மேடம்."

"அதுலயே பதில் இருந்துச்சு. நான் கேட்டேன். கேட்டும் பேச விடல." பிறகு, "நீ போ. ஹெச்ஓடிகிட்ட நான் பேசணும்" என்றார். அவரும் தமிழில்தான் பேசினார்.

2010 ஜனவரி 8

கடிதம் தயாராகிவிட்டது. மாதேஸ்வரி மீது குற்றம் இல்லை, ரெக்கார்டில் கையெழுத்துப் போடப்படும், அடுத்த முறை பிராக்டிகல் எழுதிக்கொள்ளலாம், இரண்டாம் செமஸ்டரில் இப்போதே சேர்ந்துகொள்ளலாம். தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்கள். நான் கொண்டுபோகிறேன் என்றேன்.

2010 ஜனவரி 9

தர்மபுரி, அங்கிருந்து பென்னாகரம், அங்கிருந்து இன்னொரு பஸ். இறங்கியது புளியமரம் ஒன்று இருக்கிற நிறுத்தம். நாலு கிலோமீட்டர் நடந்தேன். வழியில் கேட்டவர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. "இஞ்சினீரு படிச்ச புள்ளையா?" என்றார்கள்.

வீட்டில் அவள் அம்மா மட்டும்தான். துவரையை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தவர், நான் பெயரைச் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"தூத்துக்குடிப் பொண்ணா? வாம்மா, வாம்மா. உன்னப் பத்தியேதான் பேசும். நீதான் அதுக்கு இங்கிலீசு சொல்லிக் குடுத்தியாமே. விடிய எழுந்து உக்காந்து சொல்லிக் குடுத்தியாம்."

செருப்பைக் கழற்றி வாசலில் விட்டேன். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் போட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"என்னா பண்றது, நீயும் எவ்வளவோ சொல்லிக் குடுத்த. அதுக்குப் புரியலியாம். மண்டையில ஏறலம்மான்னு சொல்லிச்சு. அழக்கூட இல்ல. நம்ம புள்ளைக்கு அவ்வளவுதான் எழுத்து. நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத கண்ணு, சாப்புடு."

மாமாவுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். காப்பியடித்ததாகக் காலேஜில் சொன்னது பொய், தனக்குப் படிப்பு வராததால் வேறு காரணம் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று. என் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

தட்டில் இருந்ததைச் சாப்பிட்டேன். அவர் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் மாதேஸ்வரி வந்தாள். தலையில் புல்கட்டு. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். புல்லை இறக்கிவிட்டுக் கை கழுவினாள். "அம்மா, டீத்தூள் இல்ல. கடைக்குப் போயிட்டு வா" என்றாள். அவர் போகும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். முழுதும் இங்கிலீஷ். உதடு அசைந்தது, எங்கேயும் நிற்கவில்லை. படித்து முடித்து நாலாக மடித்தாள்.

"வந்துடு மாதேஸ்வரி. மேடமே வரச் சொன்னாங்க. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நான் பண்ணதுதான்னு."

"பத்திரிகை அடிச்சாச்சு" என்றாள். "மாசி ஏழு."

"மாமாகிட்ட நான் பேசுறேன். கால்ல விழுறேன்."

"என்னான்னு பேசுவ? மாமா நல்லவருதான். இந்தக் கடுதாசியக் காட்டினா அவரு நிறுத்தக்கூட செய்வாரு." மடித்த கடிதத்தை இடுப்பில் செருகினாள். "எனக்குத்தான் அங்க வர முடியல. அந்த ரூம்ல மூணு பேரு டீ குடிச்சுக்கிட்டு இருந்தாங்க இல்ல. அவங்க முன்னாடி எனக்கு வாயே தொறக்கல. நான்தான் எழுதுனன். எனக்கே அந்த நேரத்துல, நான்தான் எழுதுனனான்னு ஆயிடுச்சு. அப்புறம் லேப்பு நெனச்சாலே உள்ளங்கை வேர்க்குது. நீ இப்ப நெசத்தச் சொல்லிட்ட. அதனால வேர்க்கிறது நிக்குமா?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"எங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. சொல்லணும்னுதான் வந்தேன்."

"சொல்லாத."

"ஏன்?"

"அது உன்ன ரொம்ப நல்ல பொண்ணுன்னு நெனச்சுக்கிட்டு இருக்குது. ஆஸ்டல்ல எனக்கு ஒருத்தி இருந்தான்னு ஊருக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்குது. அது ஒண்ணாவது இருக்கட்டும்."

அவள் அம்மா டீத்தூளோடு வந்தார். டீ குடித்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிட வேண்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மாதேஸ்வரி பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். பஸ் வந்ததும், "ஜன்னலோரம் உக்காராத, தூசி அடிக்கும்" என்றாள்.

2010 ஜனவரி 11

ஹெச்ஓடி என் பிராக்டிகல் மார்க்கை நிறுத்திவைக்கச் சொல்லி யூனிவர்சிட்டிக்கு எழுதிவிட்டார். எனக்கும் அரியர்தான். கேட்டதும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

டாடிக்குப் போன் செய்தேன். காயின் பாக்ஸில் காசு போட்டுக்கொண்டே இருந்து முழுவதையும் சொன்னேன். டெஸ்ட் மார்க் முப்பத்துநாலு என்பதையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

"இருக்கேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தப் பொண்ணு எந்த ஊரு?" என்றார்.

சொன்னேன்.

"அவங்க அப்பா?"

"இல்ல டாடி. அவளுக்கு அப்பா இல்ல."

அவர் போனை வைத்துவிட்டார். கோபத்தில் வைத்தாரா, பேச முடியாமல் வைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன் என்று நினைக்கிறேன்.

2010 ஜனவரி 27

பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் போடட்டுமா என்று வார்டன் கேட்டார். போடுங்கள் என்றேன். யாரும் வரவில்லை.

2010 பிப்ரவரி 18

நாளைக்கு மாதேஸ்வரிக்குக் கல்யாணம். மதியம் மூன்று மணிக்கு வார்டன் மாடிக்கு வந்தார். கீழே ஆபீஸ் போனில் மாதேஸ்வரியின் அம்மாவாம். மண்டபத்திலிருந்து யாருடைய செல்போனையோ வாங்கிப் பேசுகிறாராம். பின்னால் மேளம் கேட்கிறதாம். தூத்துக்குடிப் பொண்ணு கிளம்பிவிட்டதா, எந்த பஸ்ஸில் வருகிறது, நிறுத்தத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று கேட்கிறார்.

"என்ன சொல்லட்டும்?" என்றார் வார்டன்.

பை தயாராகத்தான் இருந்தது. காலையிலேயே துணி எடுத்து வைத்திருந்தேன். வெளிர்நீலச் சுடிதார், ஒரு எவர்சில்வர் குத்துவிளக்கு. இரண்டு தடவை படி இறங்கிவிட்டு இரண்டு தடவையும் திரும்பி வந்தேன். அந்த அம்மா எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, இவதான் எம்பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தவ என்று சொல்வார். மணமேடையிலிருந்து மாதேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க" என்றேன்.

வார்டன் கீழே போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப ஏறி வந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு.

"பாவம், ரொம்ப வருத்தப்பட்டாங்க. ஐயோ, அங்க தனியா கெடக்குதே, யாரு பாத்துப்பாங்கன்னு கேட்டாங்க. மிளகும் சுக்கும் தட்டிப் போட்டுக் கஷாயம் வெச்சுக் குடுக்கச் சொன்னாங்க. இரு, மெஸ்ஸுல சொல்லி வாங்கிட்டு வரேன்."

கஷாயம் வந்தது. குடித்தேன்.